எஞ்சின் ஒண்ணுக்குப் போகிறதா?

போன வாரம் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் ரகசியமாக என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு சிறுநீரக டாக்டரின் பெயர், கிளினிக் நேரம், டோக்கன் வாங்க வேண்டிய முறை.

"கைராசிக்காரர். என் மாமனாரை நிமிர வெச்சதே இவர்தான். அப்பாவை ஊர்ல வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. உடனே ரயில் ஏத்துங்க" என்றார், கண் கலங்க.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது. தினமும் காலை பதினொரு மணி டீ நேரத்தில் நான் அப்பாவுடன் போனில் பேசுவதை மனிதர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என் பக்கத்து வசனம் மட்டும்தான் அவர் காதில் விழும். அது இப்படி இருக்கும்:

"அப்பா, ஒண்ணுக்குப் போச்சா?... மெலிசாவா, வேகமாவா?... ரொம்பச் சூடா இல்லையே?... கையை வெச்சுப் பார்த்தீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் மனிதரை உலுக்கி எடுத்திருக்கிறது!

ஸார், நான் கேட்டது அப்பாவைப் பற்றி அல்ல. அப்பாவின் எஞ்சினைப் பற்றி.

எங்களுக்குக் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். அப்பாவிடம் ஒரு ஃபைபர் வள்ளமும், அதன் பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைச் சக்தி அவுட்போர்டு எஞ்சினும் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற ரகம். கார் எஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கும். இதற்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கடலே ரேடியேட்டர். எஞ்சினின் கால் தண்ணீருக்குள் நிற்கும். அங்கே ஒரு சின்ன பம்பு கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அது எஞ்சினைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பக் கடலுக்கே போய்விடும். அதில் ஒரு துளி மட்டும் எஞ்சினின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே வரும். வந்தால் பம்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தாரைக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயரைத்தான் தலைப்பில் பார்த்தீர்கள். சின்ன வயதில் நான் வள்ளத்தில் ஏறினால் அப்பா எனக்குக் கொடுக்கும் உத்தியோகம் இதுதான். "மக்கா, எஞ்சின் ஒண்ணுக்குப் போகுதான்னு பாத்துக்கிட்டே வா." நானும் வெகு பொறுப்பாக, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வருவேன். என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு செய்த ஒரே சூப்பர்வைசர் வேலை.

அப்படிப்பட்ட பையனை அப்பா பி.இ. மெக்கானிக்கல் படிக்க வைத்தார். "எஞ்சினுக்குப் படிக்கான்" என்று கரை முழுக்கச் சொன்னார். படித்து முடித்த எஞ்சின்காரன் இப்போது சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் ஏ.சி.யில் உட்கார்ந்து பில் சரிபார்க்கிறான். ஸ்பானரைக் கடைசியாகத் தொட்டது ஆறாவது செமஸ்டர் பிராக்டிகலில். அதுவும் பக்கத்து பெஞ்ச் பையன் கழற்றிக் கொடுத்த நட்டை வாங்கி மேஜையில் வைத்தேன்.

போன வருஷம் அக்டோபரில் அப்பா போனில், "மக்கா, தண்ணி மெலிசாத்தான் வருது" என்றார். நான், "டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா, வயசாச்சுல்ல" என்று ஜோக் அடித்தேன். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்குத்தான் முடிந்தது, பம்புக்கு முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டுவிட்டு டிசம்பர் 24-ம் தேதி காலை ஊரில் இறங்கினால், முற்றத்தில் ஸ்டார் தொங்குகிறது; அதற்குக் கீழே மரச்சட்டத்தில் எஞ்சின் தொங்குகிறது. அம்மா முகத்தில் பண்டிகைக் களை இல்லை.

முந்தின நாள் நடந்தது இது. கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தூரத்தில் வலையை வாங்கிவிட்டுத் திரும்பும்போது அப்பாவுக்கு ஏதோ கருகுகிற வாசனை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஜனவரியில் ஆபரேஷனுக்குச் சொல்லியிருந்தது. அதனால் அந்த மெல்லிய தாரை அவர் கண்ணுக்குத் தெரியாது. அவ்வப்போது எஞ்சின் பின்னால் கையை நீட்டித்தான் பார்ப்பார். நீட்டினார். கையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அந்த விநாடியே எஞ்சினை அணைத்துவிட்டார். இன்னும் சில நிமிஷம் ஓட விட்டிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். புது எஞ்சின் வாங்க லட்சக் கணக்கில் போயிருக்கும்.

பக்கத்தில் வந்த ஒரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஆனால் வீடு வந்து சேர இரண்டரை மணி நேரம் தாமதம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து எங்கள் கரையில் எத்தனையோ பேர் திரும்பாமல் போன பிறகு, அம்மாவுக்குத் தாமதம் என்றாலே ஆகாது. அரை மணி தாண்டினால் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள். அன்றைக்கு ஐந்து தடவை உருட்டி முடித்திருக்கிறாள்.

வழக்கமாக வருகிற மெக்கானிக் அண்ணன் கிறிஸ்துமஸுக்காகத் தூத்துக்குடியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். புது வருஷம் கழிந்துதான் வருவாராம். அப்பாவுடன் வள்ளத்தில் போகிறவர்கள் இரண்டு பேர். எஞ்சின் கிடந்தால் மூன்று வீட்டு அடுப்பும் கிடக்கும். 26-ம் தேதி காலை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, நாளைக்கு விடிய மூணு மணிக்குக் கடலுக்குப் போணும். இம்பெல்லர் வாங்கி வெச்சிருக்கேன். நீ மாத்து."

"நானா?"

"எஞ்சினுக்குத்தானே படிச்சே?"

நாலு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. இண்டர்வியூவில்கூட யாரும் கேட்கவில்லை!

இம்பெல்லர் என்றால் பெரிய சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர்ப் பூ. நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் ஆறு இறக்கை. இரண்டு பிளேட் பிரியாணி விலைதான் இருக்கும். ஆனால் அது வேலை செய்கிற விதம் இருக்கிறதே, படு சாமர்த்தியம். அது உட்கார்ந்திருக்கிற வட்டமான கிண்ணத்தின் மத்தியில் தண்டு இருக்காது. கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். அதனால் சுற்றும்போது ஒரு பக்கம் இறக்கைகள் கிண்ணத்தோடு நசுங்கி மடங்கும். அந்தப் பக்கம் இடம் குறையும், தண்ணீர் வெளியே தள்ளப்படும். மறுபக்கம் இறக்கைகள் நிமிரும். இடம் பெருகும், தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். காலை ஒன்பது மணி மின்சார ரயிலில் மாம்பலத்தில் உங்களை உள்ளே இழுத்து, கிண்டியில் பிதுக்கி வெளியே தள்ளுகிறார்களே, கிட்டத்தட்ட அதே தத்துவம்.

இந்த ரப்பருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, தண்ணீர் இல்லாமல் ஓட விடுவது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். கரையில் வைத்துச் சும்மா ஒரு நிமிஷம் எஞ்சினை உறுமவிட்டால் போதும், கருகிவிடும். இன்னொன்று மணல். துறைமுகம் இல்லாத ஊர்களில் கடற்கரையிலிருந்து அலையைத் தாண்டித்தான் வள்ளம் போக வேண்டும். அலை மணலைக் கலக்கும். எஞ்சின் அதையும் சேர்த்துக் குடிக்கும். அதனால்தான் உடையும்வரை காத்திராமல் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிடச் சொல்வது.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் கியர் மாற்றுகிற கம்பியைப் பிரிக்க வேண்டும். பிறகு காலைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் கிடந்த போல்ட் ஆயிற்றே, அசைந்தால்தானே! நான் பல்லைக் கடித்து ஸ்பானரில் தொங்கினேன்.

"ஏல, நிறுத்து! தலை முறிஞ்சா அப்புறம் உன் தலையைத்தான் வெச்சு முறுக்கணும்" என்றார் அப்பா. மண்ணெண்ணெயை ஊற்றச் சொன்னார். டீ குடிக்கச் சொன்னார். டீ குடித்து வந்ததும் சுத்தியலால் ஸ்பானரை லேசாக இரண்டு தட்டு. 'கிறீச்' என்று ஒரு முனகல்; போல்ட் இளகிவிட்டது. நாலு வருஷப் படிப்பில் 'டீ குடித்துவிட்டு வா' என்று எந்தப் புரொபசரும் சொல்லித் தரவில்லை.

கால் கழன்று, நீளமான தண்டோடு கையில் வந்தது. அதன் உச்சியில் பம்பு. நாலு சின்ன போல்ட். மூடியைத் தூக்கினால் உள்ளே நம் கதாநாயகன், பல் போன தாத்தா மாதிரி. ஆறு இறக்கையில் மூன்றுதான் மிச்சம்.

இம்பெல்லரை உருவியபோது தண்டின் பள்ளத்திலிருந்து அரை நிலா வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு கழன்று மணலில் விழுந்தது. அதுதான் கீ. தண்டையும் ரப்பரையும் சேர்த்துப் பிடிப்பது அந்தத் துக்கடாதான். அது இல்லாவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், இம்பெல்லர் சும்மா உட்கார்ந்திருக்கும், எங்கள் ஆபீஸ் மாதிரி. தங்கச்சியும் நானும் முழங்காலில் நின்று அம்மாவின் மாவுச் சல்லடையில் முற்றத்து மணலைச் சலித்தோம். இருபது நிமிஷத்தில் கீ கிடைத்தது. சல்லடை போனதற்கு அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

"உடைஞ்ச ரெக்கை எத்தனை?" அப்பா கேட்டார்.

"மூணு."

"மூணையும் எடுத்து எண்ணிக்கோ."

கிண்ணத்துக்குள் ஒரு துண்டு இருந்தது. மூடியின் வாயில் இன்னொன்று. மூன்றாவதைக் காணோம்.

தேடினேன். மணி நாலு. வெயில் இறங்கிவிட்டது. வள்ளத்தில் போகிற மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு தடவை வந்து, "ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "கிட்டத்தட்ட" என்று நானும் ஆளுக்கு ஒரு தடவை சொன்னேன்.

இங்கே என் உத்தியோக புத்தியைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் கணக்கு இடித்தால், இடிக்கிற தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்ற தலைப்பில் போட்டு மூடிவிடுவோம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பல வருஷ அப்புறங்கள் அதில் தூங்குகின்றன. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த மூன்றாவது துண்டையும் சஸ்பென்ஸில் போட்டுவிடலாமே என்று தோன்றியது. கடலிலேயே தண்ணீரோடு போயிருக்கும். ஆமாம், போயிருக்கும். போகாமல் எங்கே போகும்?

"எல்லாம் சரியா இருக்காலே?" என்றார் அப்பா.

"சரியா இருக்குப்பா."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். 'காட்டு, பார்க்கிறேன்' என்று சொல்லவில்லை. காட்டினாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. என் வார்த்தையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்க் கேனை எடுத்து வைக்க எழுந்துவிட்டார். என் மேலதிகாரி மூன்று கையெழுத்து, இரண்டு ஈ-மெயில் இல்லாமல் என்னை நம்ப மாட்டார். இவர் ஒரு வார்த்தையில் நம்பிவிட்டார். விடிய மூன்று மணிக்கு அந்த வார்த்தையின் மேல்தான் ஏறிப் போகப் போகிறார், கூட இரண்டு பேரோடு.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"அப்பா... ஒரு துண்டு கிடைக்கல."

அப்பா கேனைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப உள்ளதான் கிடக்கும். மேலே போற குழாயைப் பாரு" என்றார். பம்பிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறுகிற குழாய் அது. அங்கே ஒரு துண்டு அடைத்துக்கொண்டால் புது இம்பெல்லர் எத்தனை சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. அல்லது முதலில் ஏறும்; பத்து கிலோமீட்டர் போன பிறகு துண்டு திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

தரையில் மல்லாந்து படுத்து, செல்போன் டார்ச்சை அடித்து, குழாய்க்குள் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்துக்கு மேலே, குறுக்காகக் கறுப்பாக ஒன்று. நான் ஜிவ்வென்று ஒரு கம்பியை எடுத்துக் குத்தப் போனேன்.

"குத்தாதே! மேலே ஏறிரும்." அப்பா உள்ளே போய் ஒரு விறைப்பான கம்பியின் நுனியில் தூண்டில் முள்ளைக் கட்டிக்கொண்டு வந்தார். கண் தெரியாத மனிதர், விரல் நுனியிலேயே முடிச்சுப் போட்டிருந்தார். "ஓரமா ஏத்து. ரப்பர்ல கொத்துனதும் மெதுவா இழு. மீனு மாதிரிதான்."

மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை கொத்தியது. இழுத்தேன். அரை அங்குல ரப்பர் துண்டு என் மூக்கின் மேல் விழுந்தது. என் பரம்பரைத் தொழிலில் நான் பிடித்த முதல் மீன்!

அதற்கப்புறம் வேலை ஓடியது. கீழே இருக்கிற தகட்டைத் துடைத்து, புது காஸ்கெட் வைத்து, கீயைப் பள்ளத்தில் பொருத்தி, இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, கிண்ணத்தை அதன் மேல் அழுத்திக்கொண்டே தண்டை வலம் சுற்றினோம். எஞ்சின் சுற்றுகிற திசையிலேயே இறக்கைகள் எல்லாம் ஒன்றுபோல மடிந்து உட்கார வேண்டும். திரும்பக் காலை மாட்டும்போது தண்டின் பல்லும் எஞ்சினின் பல்லும் சேர மறுத்தன. கியரைப் போட்டுவிட்டுக் காற்றாடியைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார் அப்பா. திருப்பினேன். 'ளொக்' என்று உள்ளே போனது. கியர்க் கம்பியை மறக்காமல் மாட்டினேன். மிச்சம் ஒரு போல்ட்டும் இல்லை. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதற்குள் நிற்க வைத்தோம். அப்பா கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. வீடே புகை. எல்லோரும் அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா, தங்கச்சி, கூட்டாளிகள் இருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

ஒன்று... இரண்டு... மூன்று... ஒன்றும் வரவில்லை. எனக்கு ஆறு செமஸ்டர் அரியர் ஒரே நேரத்தில் வந்த மாதிரி இருந்தது. குனிந்து ஓட்டைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனேன்.

சர்ர்ர்ரென்று அடித்தது. நேராக என் முகத்தில்! பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்பா வந்து தாரையின் கீழ் கையை நீட்டினார். அரை நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். "நல்ல வேகம்" என்றார். கையைத் துடைக்காமலேயே என் தோளில் ஒரு தட்டு தட்டினார். என் பி.இ. பட்டமளிப்பு விழா அன்றைக்குத்தான் நடந்தது.

விடிய மூன்று மணிக்கு அவர்கள் போனார்கள். கரையில் நின்றேன். அம்மாவும் வந்து நின்றாள். எஞ்சின் சத்தம் கேட்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. கீ சரியாக உட்கார்ந்ததா? நாலாவது போல்ட்டை முறுக்கினேனா? ஆபீஸில் நான் தப்பு செய்தால் 'கன்ட்ரோல் இசட்' அடித்தால் போதும். கடலில் அந்தப் பொத்தான் கிடையாது. காலை பத்தே முக்காலுக்கு வள்ளம் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா ஜெபமாலையை எடுக்கவில்லை. நான்தான் அவளுடையதைக் கடன் வாங்கியிருந்தேன்.

சென்னைக்குத் திரும்பி, முதல் வேலையாக என் மேஜையில் தூங்கிய சஸ்பென்ஸ் தொகைகளில் ஏழை எழுப்பிக் கணக்கு முடித்தேன். மேலதிகாரி, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கவலையோடு கேட்டார்.

இதையெல்லாம் பக்கத்து ஸீட்காரரிடம் சொல்லி முடித்தேன். சீட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான். அதற்குள் மணி பதினொன்று. போன் அடித்தது.

"அப்பா, இன்னைக்கு ஒண்ணுக்குப் போச்சா?"

"அது நல்லாப் போகுது" என்றார் அப்பா. ஜனவரியில் ஆபரேஷன் முடிந்த பிறகு அவரே கண்ணால் பார்க்கிறார். இருந்தாலும் கையை நீட்டுகிற பழக்கத்தை விடவில்லை. "எஞ்சினை விடு. நாள் முழுக்க ஏ.சி.யில உக்காந்திருக்கியே, நீ ஒழுங்காத் தண்ணி குடிக்கியாலே?"

யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.